மொடக்குறிச்சி எழுப்பிய வினா

மக்களாட்சியில் வாக்களிக்கும் உரிமையைப் போன்றே வேட்பாளராய் நிற்கும் உரிமையும் இன்றியமையாதது. தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில், 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, தம் குறைகளுக்கு அரசு செவிசாய்க்கவில்லை என வெகுண்ட உழவர்கள் அவ்வுரிமையையே படைக்கலமாக ஏந்தினர். களத்தில் நின்றோர் 1,033 பேர். பொதுப்பிரிவினர் கட்டவேண்டிய வைப்புத்தொகை அன்று 250 ரூபாயே. வாக்குச்சீட்டு நூல்போல் பருத்தது, வாக்குப்பதிவும் தள்ளிவைக்கப்பட்டது. இறுதியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார்.

அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. வைப்புத்தொகை 5,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சை வேட்பாளரைத் தொகுதி வாக்காளர் பதின்மர் முன்மொழிய வேண்டும் என்றாயிற்று. நெரிசல் தணிந்தது, உண்மையே. ஆயினும், வாயிலைக் குறுக்கியதால் வந்தவர்தம் குறை தீர்ந்துவிடுமா? மாணவர் ஆய்ந்து தெளிய வேண்டிய வினா இது.