நகராட்சி தலைவரை தேர்வு செய்வது யார்? அடிக்கடி மாறிய சட்டம்

ராமநாதபுரம்:
ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் என 4 நகராட்சிகள் உள்ளன. குழாயில் தண்ணி வரலை, சாக்கடை அடைச்சுக்கிச்சுன்னா மக்கள் தேடுவது நகராட்சி தலைவரைத்தான். ஆனால் அவரை தேர்வு செய்வது யார் என்ற விதி பலமுறை மாறியுள்ளது.

1996, 2001 தேர்தல்களில் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டு போட்டனர். 2006-ல் அந்த உரிமை கவுன்சிலர்கள் கைக்கு போனது. 2011-ல் மறுபடி மக்களிடம் வந்தது. 2016-ல் கவுன்சிலர்கள், 2018-ல் மக்கள் என்று சட்டம் திருத்தப்பட்டாலும், அந்த ஆண்டுகளில் நகராட்சி தேர்தலே நடக்கவில்லை. 2019 நவம்பரில் அவசர சட்டம் மூலம் உரிமை மீண்டும் கவுன்சிலர்களுக்கு போனது. அதன்படி 2022 பிப்ரவரி 19-ந்தேதி மக்கள் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டு போட்டனர். மார்ச் 4-ந்தேதி கவுன்சிலர்கள் கூடி தலைவர்களை தேர்வு செய்தனர்.

இந்த விதியை மாற்ற நகராட்சி மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். சட்டத்தை திருத்த வேண்டியது சென்னையில் உள்ள சட்டசபை.

ஆக, 2022-ல் நடந்த முறைப்படி பார்த்தால் வார்டு கவுன்சிலருக்கு போடும் ஒரே ஓட்டுதான் தலைவரையும் முடிவு செய்கிறது. ஓட்டு கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவரிடம், "ஜெயிச்சா தலைவர் ஓட்டை யாருக்கு போடுவீங்க?" என்று அப்பவே கேட்டு வைப்பது நல்லது.