பீனிசம், சளி, ஒவ்வாமை: எல்லையோர நோய்ச்சொற்கள்

‘அலர்ஜி’ என்னும் சொல்லை வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே 1906இல் உருவாக்கினார். அதற்கு நெடுங்காலம் முன்பே, நாட்பட்ட மூக்கு நோய்களைச் சித்த மருத்துவம் ‘பீனிசம்’ என வழங்கியது. ‘பீனச’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. மலையாளத்தில் ‘பீனசம்’. ஒவ்வாமைக்கு அது நேர்நிகரன்று; எனினும் வந்துபோகும் நீர்க்கோவையினின்று நீடிக்கும் நோயை அது பிரித்துக் காட்டியது.

1956 மொழிவழி மாநிலப் பிரிப்பில் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழர் மருத்துவமனையில் ‘சளி’ என்பர். மலையாளத்தில் ‘சளி’ சேறு, நோய்க்குக் ‘கபக்கெட்டு’. ‘தும்மல்’ மட்டும் இரு மொழிக்கும் பொது. (மொழியியலார்க்கு இது சுவையான செய்தி; நோயாளிக்கு அன்று.)

‘சளி’ என்னும் பெயர் நோயைத் தற்காலிகமாக்கிவிடுகிறது. ஒவ்வாமை மூக்கழற்சிக்கான ஸ்டீராய்டு தெளிப்பான் முழுப் பயன்தர நாள்தோறும் சில வாரங்கள் வேண்டும். மூக்குத் திறந்ததும் பலர் நிறுத்திவிடுகின்றனர். மாறாக, உடனடி அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை நாள்கணக்கில் நீட்டிப்பர். அதனாலேயே அடைப்பு மீளும். ‘ஒவ்வாமை’யே எனக்கு உகந்த சொல்: தூசி, மகரந்தம், பூஞ்சை என எது ஒவ்வவில்லை என்ற வினாவை அது உடனே எழுப்புகிறது.