பிளக் மாற்று நூற்பா: உரை

ஆறிய எஞ்சினில் ஒவ்வொன்றாய்த் தொப்பி பற்றிக் கழற்றிக்
குழி துடைத்து, இருபத்தைந்து அளந்து,
கையால் திருகியே சாவி இடுக;
ஒன்று மூன்று நான்கு இரண்டு.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மொரிஸ் மைனர் 1000 காரின் பிளக்கும் வயரும் வீட்டு முற்றத்திலேயே மாற்றுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

ஆறிய எஞ்சினில்: ஆறும் என்னாது ஆறிய என இறந்தகாலத்தாற் கூறினமையின், இலங்கை மலைநாட்டு நோர்வூட்டிலிருந்து ஏறிவந்த கார் மழையில் நின்ற அளவானே ஆறிற்றென்று கொள்ளற்க. பொனட்டைத் திறந்து எஞ்சின் தலையிற் புறங்கை வைக்க, அது பொறுக்குமாயின் ஆறியதென்க. மொரிஸின் தலை வார்ப்பிரும்பு ஆதலிற் கை சுடாமை பயன். அலுமினியத் தலையுடைய பிற்காலக் கார்களுக்கு மரை கெடாமையும் பயனாம்.

ஒவ்வொன்றாய்: இந்நூற்பாவின் உயிர் இச்சொல். நான்கு வயரையும் ஒருங்கே உருவினவன் எது எங்கிருந்ததென அறியாது மயங்கும். ஆதலின் ஒன்றைக் கழற்றி, அதன் நீளத்துக்கு ஒத்த புதியதை அது போன வழியே போக்கி, அதன்பின்னரே அடுத்ததைத் தொடுக.

தொப்பி பற்றி: வயர் பற்றி என்னாமை காண்க. தொப்பியாவது பிளக்கின் தலையைக் கவிந்த உறை. வயரைப் பிடித்து இழுப்பின் உள்ளிழை அறும். புறத்தே ஒன்றும் தோன்றாது.

பழைய வயரே ஓடுகின்றதாலோ எனின், அற்றன்று. வெயிலில் ஓடும், பனிமூட்டம் இறங்கிய விடியலில் உறையின் வெடிப்பில் ஈரம் படிந்து, பிளக்குக்குச் செல்லும் மின் எஞ்சின் உடலுக்கு ஒழுகும். இரவில் பொனட் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, கை வையாது நோக்கின், அவ்வெடிப்பில் நீலப்பொறி தாவக் காணலாம்.

குழி துடைத்து: பிளக்கைக் கழற்றுக என்னும் சொல் மூலத்தில் இன்மையின், துடைத்து என்பதற்கும் அளந்து என்பதற்கும் இடையே வருவித்துரைக்க. துடையாது கழற்றின் தோட்டப் பாதையின் மண் சிலிண்டருள் விழும். கழற்றிய பிளக்கின் மூக்கை நோக்குதலும் இலேசினாற் கொள்க. பிஸ்கட் நிறம் நன்று. கரி படிந்ததாயின் பெற்றோல் மிகுதி என்ப. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தது. அங்குக் காற்று மெலிது. தாழ்நிலத்துக்கு அமைத்த காபுரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்து ஊட்டாது, ஆதலின் அங்குக் கரி படிதல் உண்டு.

இருபத்தைந்து: எண் அளவைக்கு ஆகிவந்தது, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபத்தைந்து, அஃதாவது 0.64 மி.மீ. இடைவெளி. வளைக்கப்படுவது புறக்கம்பி, நடுக்கம்பியைத் தொடற்க.

கையால் திருகியே: ஏகாரம் தேற்றம். மரை கோணிப் புகுதலை விரல் உடனே அறியும், சாவி அறியாது. சாவி பிளக் சாவி. புதிய பிளக்காயின் வளையம் அமுங்க அரைச்சுற்று அமையும்.

ஒன்று மூன்று நான்கு இரண்டு: எண்ணும்மை தொக்கது. பிளக் நிற்கும் வரிசையன்று, சுடும் வரிசை. ரேடியேட்டர் பக்கத்தது ஒன்று. ரோட்டர் இடஞ்சுழியாய்ச் செல்லுதலின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் இடஞ்சுழியாய் எண்ணுக. ஒவ்வொன்றாய் மாற்றினார்க்கு இது வேண்டாவாலோ எனின், பிறர் கைபட்டு, வயர் இரண்டு இடம் மாறி, உதறிக்கொண்டும் சைலன்சரில் வெடித்துக்கொண்டும் ஹட்டன் ஏற்றத்தில் நின்றுவிட்ட காருக்கு வேண்டும் என்க.