கொலு பொம்மைக்கு மறுவண்ணமும் பீடமும்: கோவை வட்டாரம்

கொலு பொம்மைக்கு மறுவண்ணம் என்பது, நிறம் மங்கியோ மூளியாகியோ போன மண், காகிதக்கூழ் பொம்மைகளைப் பட்டி பார்த்து, வெள்ளை பூசி, புதிதாக வண்ணமிட்டு, பீடத்தையும் சரிசெய்து மீண்டும் படியேற்றும் கைவேலை. மூளியான உருவத்தைக் கொலுவில் வைக்கக்கூடாது என்ற நம்பிக்கைதான் இந்த வேலையை உயிரோடு வைத்திருக்கிறது. தசாவதார செட்டில் வாமனரின் குடைக் காம்பு ஒடிந்தால் பத்தும் முடங்கிவிடும். ஒற்றை வாமனரைக் கடையில் கேட்டால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் உயரமும் நிறமும் மற்ற ஒன்பதோடு சேராது. ஆகவே ஒட்டித்தான் ஆகவேண்டும்.

2011-ல் கோவை மாநகராட்சியோடு இணைந்த துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால் நரசிம்மநாயக்கன்பாளையம். அதை ஒட்டிய பூச்சியூரில் மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் உண்டு. நகரத்துக்குள் பெரிய கடை வீதியிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையம் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி, புதுச்சேரி எனப் பல ஊர்ச் சரக்கும் அங்கே வந்து இறங்கும். இதனால் ஒரு கோவை வீட்டுக் கொலுவில் நாலைந்து ஊர்களின் மண்ணும் வண்ணமும் கலந்தே இருக்கும். மறுவண்ணம் தீட்டுபவருக்கு முதல் சிக்கல் இதுதான். எல்லாப் பொம்மைக்கும் ஒரே பக்குவம் செல்லாது.

கொலுவும் உருவாரமும்

கொங்கு நாட்டுக் கிராமங்களில் கொலுவைவிட உருவாரமே பழகிய மண்ணுருவம். நேர்த்திக்கடனாகக் கோயிலில் வைக்கும் மாடு, கன்று, குதிரை, மனித உருவங்களுக்கு இந்தப் பெயர். உடுமலை வட்டம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலை ஒட்டிய திருவிழாவின்போது, கால்நடை நோய்நொடியின்றிப் பெருகவேண்டும் என்று விவசாயிகள் மாட்டு உருவாரம் வாங்கி வைக்கிறார்கள். வெள்ளையடித்து, கொம்புக்கும் கழுத்துக்கும் நாலு கோடு வண்ணம் இழுத்தால் உருவாரம் தயார். வைத்த பிறகு அதை யாரும் திரும்ப எடுப்பதில்லை, மறுவண்ணமும் இல்லை. வெயிலிலும் மழையிலும் கரைந்து போவதே அதன் முறை. கொலு பொம்மையோ பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும் சொத்து. இரண்டும் குயவர் கை மண்ணிலிருந்து வருபவைதான் என்றாலும், வண்ணத்தின் தரத்தில் உள்ள வேறுபாட்டுக்கு இந்த ஆயுள் கணக்கே காரணம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. துடியலூரிலிருந்து மேற்கே பிரியும் சாலை போய்ச் சேரும் தடாகம் பள்ளத்தாக்கு செங்கல் சூளைகளுக்குப் பேர்போனது. 2021-ல் அவை மூடப்பட்டன. அந்தச் செம்மண்தான் பொம்மைக்கும் போனது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொம்மைக்கு வேண்டியது நைசான குளத்துக் களிமண். அதை அள்ளுவதற்கு அனுமதி வாங்குவது குயவர்களின் நீண்டகாலத் தலைவலி. வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறையைத் தமிழக அரசு 2024-ல் கொண்டுவந்தது.

அடுக்கைப் பார்த்து வேலை

பொம்மையின் வண்ணத்தை ஒரே பூச்சாக நினைப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். மண் பொம்மையை இரண்டு பாதி அச்சில் அழுத்தி எடுத்து, ஒட்டி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். காகிதக்கூழ் பொம்மையில் கூழோடு கிழங்கு மாவும் சாக்பவுடரும் சேரும். இரண்டுக்கும் மேலே வெள்ளைப் பூச்சு; அதற்கு மேலே வண்ணம்; கடைசியில் கண். பழைய பொம்மைகளில் வண்ணம் பிசின் கலந்த பொடியாகவோ டிஸ்டெம்பராகவோ இருக்கும். பிறகு எனாமல் வந்தது. இப்போது பெரும்பாலும் அக்ரிலிக்.

எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஈரப் பஞ்சால் பொம்மையின் முதுகுப்புறத்தில் ஓரிடத்தில் மெல்லத் தடவ வேண்டும். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது நீரில் கரையும் வண்ணம்; அந்தப் பொம்மையைக் கழுவவே கூடாது, உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். காகிதக்கூழ் பொம்மைக்கு எந்த வண்ணமானாலும் தண்ணீர் ஆகாது. சுட்ட மண்ணில் எனாமல் பூசியிருந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

சுண்ணாம்பாக உதிரும் பழைய பூச்சின்மேல் எனாமலை ஏற்றினால் இரண்டே வருடத்தில் அடியோடு பெயர்ந்து வரும். வழவழப்பான எனாமலின்மேல் நேராக அக்ரிலிக் போட்டால் நகத்தில் உரிந்துவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் கொடுத்த பிறகே வண்ணம். ஒடிந்த விரலுக்கும் காதுக்கும் எம்-சீல் போன்ற இருபொருள் பிசின் உதவும். பிசைந்த சில நிமிடங்களுக்குள் உருவம் கொடுத்துவிட வேண்டும். இறுகிய பின் அரம் வைத்துத்தான் தேய்க்க முடியும்.

தங்க வண்ணம் தனிக் கதை. மலிவான தங்கப் பொடி பெரும்பாலும் பித்தளைத் தூள். வார்னிஷில் கலந்து பூசிய அன்று ஜொலிக்கும், சில ஆண்டுகளில் கறுக்கும். பழைய பொம்மையின் கிரீடம் கரும்பச்சையாகத் தெரிந்தால் அழுக்கு என்று தேய்க்க வேண்டாம். அது பித்தளையின் வேலை; மேலே புதுத் தங்கம் வைப்பதே வழி. இன்றைய மறுவண்ணத்தில் பெரிய குறை, எல்லாவற்றையும் பளபளக்க வைக்கும் ஆசை. அம்மன் முகத்துக்கும் குறவன் முகத்துக்கும் ஒரே மினுமினுப்பு வந்தால் இரண்டுமே பிளாஸ்டிக்காகத் தெரியும்.

கண் நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அச்சு ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்கலாம். கண் எழுதிய கைதான் வேறு. அதை அழித்துவிட்டால் பொம்மை எந்த ஊர்க்காரர் செய்தது என்று சொல்லும் அடையாளமும் போய்விடும்.

பீடம்

வண்ணத்துக்குக் கிடைக்கும் கவனம் பீடத்துக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பொம்மை உடைவது பெரும்பாலும் பீடத்தால்தான். ஓரம் பெயர்ந்த பீடம், துணி விரித்த படியில் ஆடும். குழந்தை கை பட்டால் பொம்மை உருளும். கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி எந்த மூலை எழும்புகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் பட்டி வைத்துச் சமன் செய்வது வழக்கம். அடியில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் வழுக்காது. உள்ளே பொள்ளலான மண் பொம்மையின் அடியில் ஒரு துளை இருக்கும். அது சூளையில் காற்று வெளியேற விட்டது. பிறகும் உள்ளே ஈரம் தங்காமல் காக்கும். பீடத்தைச் சரிசெய்யும் ஆர்வத்தில் அதை அடைத்துவிடக் கூடாது.

கல்யாண செட், கிரிக்கெட் செட் போன்ற சிறு உருவங்களை ஒரே பிளைவுட் பலகையில் ஒட்டிவிடுவது அண்மையில் பெருகியிருக்கிறது. தொலையாது என்பது லாபம். அடுத்த வருடம் ஆட்டக்காரர்களை இடம் மாற்றி நிறுத்த முடியாது என்பது நட்டம். கொலுவின் பாதி இன்பமே இடம் மாற்றி வைப்பதில்தான்.

இதே பீடப் பிரச்சினை மேற்கில் ஒரு பெரிய பொழுதுபோக்கையே இரண்டாகப் பிரித்தது. மேசைமேல் குட்டி வீரர்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு எச். ஜி. வெல்ஸ் 1913-லேயே விதிநூல் எழுதினார். இங்கிலாந்தின் சிட்டாடல் நிறுவனம் 1979-ல் தொடங்கி, பூதமும் குள்ளரும் நிறைந்த கற்பனை உலக உருவங்களை வார்த்தது. 1983-ல் அந்த உருவங்களை வைத்து ஆடும் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டு வந்தது. அதில் படை அணிவகுத்து நிற்கவேண்டும் என்பதால் சதுரப் பீடம். ஒரு சிலரே மோதும் சிறு ஆட்டங்களான மார்ட்ஹைம் (1999), ஃப்ராஸ்ட்கிரேவ் (2015) முதலியவற்றில் ஒவ்வொரு வீரனும் தனியாக நகர்கிறான்; அணிவகுப்பே இல்லை. 2015-ல் வார்ஹாமரும் வட்டப் பீடத்துக்கு மாறியது. ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் படைகளைச் சதுரத்திலிருந்து அறுத்தெடுத்து வட்டத்தில் ஒட்டினார்கள். 2024-ல் பழைய பாணி ஆட்டம் திரும்பியபோது சதுரமும் திரும்பியது, அளவு மட்டும் முன்பைவிடப் பெரிது. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள இந்த உருவங்களுக்குச் செய்யும் அடிப்பூச்சு, குழிகளில் நீர்த்த வண்ணம் இறக்குதல், மேடுகளில் உலர்தூரிகை ஓட்டுதல் ஆகியவற்றைக் கொலு பொம்மைக்கும் செய்யலாம். சேலை மடிப்புக்கும் தாடிக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

காலமும் பாதுகாப்பும்

நவராத்திரி மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. வேலையை ஆடியிலேயே ஆரம்பிப்பது உசிதம் என்றாலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அந்த மாதங்களில் தூசியை அள்ளி ஈர வண்ணத்தில் ஒட்டும். ஸ்ப்ரே வேண்டாம், தூரிகையோடு வீட்டுக்குள் செய்ய வேண்டும். வார்னிஷை மழை நாளில் பூசினால் வெண்படலம் படியும். கொலு முடிந்து பரணில் ஏற்றும்போது செய்தித்தாளில் சுற்றினால் மை எனாமலில் பதியும். பழைய வேட்டித் துணி மேல். காகிதக்கூழில் மாவு இருப்பதால் பூச்சி வரும், வசம்பு போட்டு வைப்பார்கள்.

பழைய எனாமலைத் தேய்ப்பதில் உண்மையான ஆபத்து உண்டு. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பொம்மைகளின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அவற்றை உலர்வாகத் தேய்த்துப் பொடி பறக்கவிடாமல், ஈர உப்புத்தாளால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். குழந்தைகளை அந்த வேலைக்கு உட்கார வைக்கக்கூடாது.

மரப்பாச்சிக்கு இதில் எதுவும் தேவையில்லை. செம்மரத்தின் நிறமே அதன் நிறம்; புடவையும் வேட்டியும் புதிதாகக் கட்டிவிட்டால் போதும். வண்ணம் பூசிய மரப்பாச்சியைக் கண்டால் அதைச் சுரண்டி எடுப்பதுதான் சரியான மறுவேலை.