மறைந்த ஊருக்கு ஒரு பதிவு: பள்ளுருத்தியை முன்வைத்து

1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி உருவானது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும் அதில் இணைந்தன. அவற்றோடு பள்ளுருத்தி, வைற்றிலா, வெண்ணலா, இடப்பள்ளி முதலிய ஊராட்சிப் பகுதிகளும் சேர்க்கப்பட்டன. அன்றோடு பள்ளுருத்தி என்னும் ஊராட்சி இல்லாமற்போனது. ஆயினும் ஊர் மறைந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. 1916இல் நாராயண குரு நிறுவிய ஸ்ரீ பவானீஸ்வரர் கோயில் அங்கேயே உள்ளது. அழகியகாவு பகவதி கோயிலையொட்டித் தனு மாதத்தின் கடைசி வியாழனன்று கூடும் புலவாணிபச் சந்தையும் தொடர்கிறது.

ஓர் ஊர் எப்போது 'மறைந்தது' ஆகிறது? மறைந்த ஊருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிப் பதிவு வேண்டுமா? இக்கேள்விகளுக்கு விடை காண, மறைவின் வகைகளை முதலில் பிரித்தறிய வேண்டும். பள்ளுருத்தியும் அதன் சுற்றுவட்டமும் இதற்கு நல்ல களம்.

முதல் வகை, ஆவணத்தில் மட்டும் நிகழும் மறைவு. நிருவாக எல்லை மாறும். மக்களும் பெயரும் நிலைத்திருப்பர். பள்ளுருத்தி ஊராட்சி இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வகையில் நிலமும் பெயரும் நிலைக்க, வாழ்ந்த சமூகம் நீங்குகிறது. மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடி இதற்குச் சான்று. அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடம் இன்று இல்லை. அதற்குரியதும் 1344ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படுவதுமான எபிரேயக் கல்வெட்டு, 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. பெரியாற்றின் போக்கை மாற்றிக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டதாக மரபு கூறும் 1341 வெள்ளத்துக்கு மூன்றே ஆண்டுகள் பிந்தியது இக்கல். வைப்பின் தீவின் தோற்றத்தை நினைவுகூரும் புதுவைப்பு ஆண்டுக் கணக்கும் 1341இல்தான் தொடங்குகிறது. ஒரு குடியிருப்பின் தொடக்கத்தை ஒரு பிராந்தியத்தின் நில உருவாக்கத்தோடு இணைத்துப் பார்க்க உதவும் சான்றாக இக்கல்வெட்டு எஞ்சியுள்ளது.

மூன்றாம் வகையில் நிலமே போய்விடுகிறது. 1964 டிசம்பர் 22–23 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையூர்கள் நீரில் மூழ்கின. நீர்மட்டம் தாழும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளித் தெரிவதைச் சேலம் மாவட்டத்தார் அறிவர். பள்ளுருத்திக்குத் தெற்கே, பள்ளுருத்தி வட்டார ஊராட்சிக்குள் அடங்கும் செல்லானத்தில் இம்மறைவு இன்று கண்முன் நிகழும் அபாயம். 2017இன் ஒக்கி, 2021இன் டவ்தே புயல்களின்போது கடல் வீடுகளுக்குள் புகுந்தது. 2022இல் நாற்கால் கான்கிரீட் கட்டைகளாலான தடுப்புச்சுவர்ப் பணி தொடங்கியது. ஆயினும் அது கரை முழுவதையும் காக்கவில்லை.

இவற்றுள் எதற்குப் பதிவு தகும்? ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டு நெறி தெளிவானது. சட்டப்படி ஏற்பு பெற்ற, மக்கள் வாழ்ந்த இடம் குறிப்பிடத்தக்கது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். பின்னாளில் மக்கள் நீங்கினாலும் அத்தகுதி நீங்காது. ஏனெனில் தகுதி அவ்விடத்தின் முழு வரலாற்றையும் தழுவியது. சட்ட ஏற்பு இல்லாத குடியிருப்பாயின், அதைப் பற்றிச் சார்பற்ற நம்பகமான நூல்கள் விரிவாகப் பேசியிருக்க வேண்டும்.

இந்நெறிக்குக் காரணம் உண்டு. 1930களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநில நிலப்படமொன்றில், படத்தைக் களவாடுவோரைப் பிடிப்பதற்காக 'அக்லோ' என்னும் பொய்யூர் செருகப்பட்டது. படத்தைப் பார்த்து ஒருவர் தம் கடைக்கு அப்பெயரைச் சூட்ட, பொய்யூர் பிற நிலப்படங்களிலும் ஏறியது. அண்மைக் காலத்தில் ஈரானிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 'ஆபாதி' அலகுகளை ஊர்களெனக் கருதி ஆங்கில விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் பதிவுகள் உருவாயின. அவற்றுள் பல கிணறு, பண்ணை, தொழிற்கூடம் போன்றவை என்று தெரிந்தபின் பெருந்தொகையாக நீக்கப்பட்டன. பட்டியலில் பெயர் இருப்பது ஊர் இருந்ததற்குப் போதிய சான்றன்று என்பதே இவற்றின் பாடம்.

ஆயினும் இந்நெறிக்குள் ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது. சட்ட ஏற்பு என்பது அரசின் ஏற்பு. அரசு எண்ணியது நிலத்தையும் வரியையும். நிலமற்றோரின் குடியிருப்பு பெரும்பாலும் வேறொருவர் நிலத்தின் ஓரமாகவே பதிவேட்டில் இடம்பெற்றது. பல வேளைகளில் இடம்பெறவே இல்லை. 1913இல் கொச்சிக் காயலில் படகுகளைப் பிணைத்து அவற்றின்மீது புலையர் மாநாடு நடந்ததாகச் சமூக வரலாற்றாளர் குறிப்பிடுவர். பண்டிட் கே. பி. கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் அவ்வெழுச்சியோடு பிணைந்த பெயர்கள். கரையில் கூட இடம் மறுக்கப்பட்டதால் நீரில் கூடினர் என்பதே அந்நிகழ்வின் பொருள். கூடுவதற்கே நிலம் பெறாதவர்கள் தம் குடியிருப்பின் பெயரை நிலப்பதிவேட்டில் எங்ஙனம் விட்டுச்சென்றிருக்க முடியும்? சட்ட ஏற்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மக்களோடு தொடரும் பள்ளுருத்தி ஊராட்சிக்கு எளிதில் பதிவு கிட்டும். தடமின்றி அழிந்த ஒரு சேரிக்குக் கிட்டாது.

இக்குறையை வாய்மொழிச் சான்று நிரப்புமா? 2011இல் அசல் பிரபலா முன்னின்று நடத்திய வாய்மொழி மேற்கோள் திட்டம் இதைச் சோதித்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் சபீடி ஆகிய மொழிகளில், நூல்களில் ஏறாத வழக்காறுகளை நேர்காணல்களின் ஒலிப்பதிவைச் சான்றாக வைத்து எழுத அது முயன்றது. கேள்வியைக் கூர்மையாக எழுப்பியதே அதன் பயன். ஆயின் கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்னும் விதி இன்றும் நிலைத்துள்ளது. அவ்விதி நியாயமானதும்கூட. சரிபார்க்க இயலாத நினைவு அனைத்தும் நுழையலாம் எனில், அக்லோ போன்ற பொய்யூர்களும் அதே வழியில் நுழையும்.

ஆகவே கலைக்களஞ்சியம் விதியைத் தளர்த்துவதைவிட, ஆய்வுலகம் தன் கடமையை முன்னதாகச் செய்வதே தகும். நினைவு முதலில் ஆய்வேடாகவோ ஊர் வரலாறாகவோ அச்சேற வேண்டும். அதன்பின் அது மேற்கோளாகும். கொச்சியைப் பொறுத்தவரை இதற்கான மூலங்கள் தமிழ் ஆய்வாளருக்கு எட்டாதவை அல்ல. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரரின் ஆவணங்களுள் பெருந்தொகுதி, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சி. அச்சுத மேனனின் கொச்சி அரசு கையேடு 1911இல் வெளியானது. தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகள், கோயில் கணக்குகள், நிலவரித் திட்டப் பதிவுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், அரசு கிராமமென ஏற்காத குடியிருப்பின் பெயரும் சில வேளை கிட்டும்.

இவ்வளவில் ஒரு முடிவுக்கு வரலாம். பெயரையன்றி வேறெதையும் சொல்ல இயலாத ஊருக்குத் தனிப் பதிவு வேண்டா; தாய் ஊரின் பதிவில் ஒரு பத்தியும், பெயரைத் தேடுவோரை அங்கே கொண்டுசேர்க்கும் வழிமாற்றும் போதும். பள்ளுருத்தி ஊராட்சிக்கு இதுவே பொருந்தும். ஒன்றையொன்று சாராத இரு மூலங்களேனும் அவ்வூரின் மக்கள், தொழில், மறைவின் காரணம் ஆகியவற்றைப் பேசுமாயின் தனிப் பதிவு தகும். கல்வெட்டும் யூத வரலாற்று நூல்களும் துணைநிற்கும் கொச்சங்காடி யூதக் குடியிருப்பு இத்தகுதியை ஐயமின்றிப் பெறுகிறது.

எஞ்சுவது செல்லானம். அவ்வூருக்குப் பதிவு உண்டு. கடல் கொண்ட அதன் தெருக்களுக்கும் வீட்டு வரிசைகளுக்கும் இல்லை. அவற்றின் பெயர் சொல்லக்கூடியோர் இன்று உயிரோடு இருக்கின்றனர். 1344இன் கொச்சங்காடிக்கு ஒரு கல் எஞ்சியது. செல்லானத்துக்கு அத்தகைய கல் எதுவும் தானாக எஞ்சப்போவதில்லை. அங்குள்ள முதியோரின் சொல்லைத் தேதியோடும் இடக்குறிப்போடும் பதிந்து அச்சேற்றும் பணி, பதிவு தகுமா தகாதா என்னும் விவாதத்துக்கு முந்தையது.