ஏரி வாரியம் முதல் பொறியாளர் கழகம் வரை

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றை ஒட்டி அமைந்த ஊர் தாடிக்கொம்பு. அவ்வூர்ச் சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கற்றூண் சிற்பங்களைக் கண்டு வியக்காதவர் இல்லை. அம்மண்டபத்தை எழுப்பிய சிற்பிகளுக்கும் ஒரு தலைவர் இருந்திருப்பார். அந்நாளில் அத்தகைய தலைமை தந்தையிடமிருந்து மகனுக்கோ, ஆசானிடமிருந்து மாணவனுக்கோ வந்தது. அல்லது ஆள்வோர் அளித்தது. ஒரு தொழிலைக் கற்றவர்கள் தாமே கூடி, தம்முள் ஒருவரை வாக்களித்துத் தலைவராக்கும் முறை பொறியியல் உலகில் ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உடையது. அந்த வரலாற்றில் போட்டிகள் உண்டு, பூசல்கள் உண்டு, ஒரு கணிதப் புதிரும் உண்டு. அதைக் காண்பதற்கு முன், நம் நாட்டு முன்னோடி ஒன்றைப் பார்ப்போம்.

உத்திரமேரூரின் ஏரி வாரியம்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊராட்சிக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஆண்டுக் குழுவாகிய சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்பன அக்குழுக்களுள் சில. ஏரி வாரியத்தில் 6 பேர் இருந்தனர். கரையும் மதகும் கலிங்கும் உடைய ஏரியைக் காப்பது பொறியியல் வேலையன்றி வேறென்ன?

அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கவனியுங்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்க இடமில்லை! இவ்வாறு கிடைத்த 30 பேருள், முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தோர், கல்வியிலும் வயதிலும் மூத்தோர் ஆகிய 12 பேர் ஆண்டுக் குழுவுக்குச் செல்வர். அதாவது, ஏரியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் மேற்பதவிக்கு ஒரு படியாக இருந்தது.

போட்டியிடத் தகாதோர் பட்டியலும் உண்டு. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்.

இதை இன்றைய மக்களாட்சியாகக் கருதிவிடக் கூடாது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், வேதம் கற்றவராகவும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். ஏரியை வெட்டியவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடம் இல்லை. மேலும் இது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. ஆயினும் தகுதி, பதவிக் காலம், கணக்கு என்ற மூன்று கேள்விகளையும் அது அன்றே எழுப்பிவிட்டது. பின்வந்த பொறியாளர் சங்கங்களும் இவற்றுடன்தான் போராடின.

காப்பிக் கடையில் பிறந்த கழகம்

1818ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், இலண்டன் நகரத்துக் கெண்டல் காப்பிக் கடையில் சில இளம் பொறியாளர்கள் கூடினர். அவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ராபின்சன் பாமர். அன்று பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகள் இங்கிலாந்தில் இல்லை. ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்வதே அவர்கள் நோக்கம். அங்குப் பிறந்ததுதான் சிவில் பொறியாளர் கழகம்.

இளைஞர்கள் சங்கம் தொடங்கிவிட்டனர். ஆனால் அதை யார் மதிப்பார்? இரண்டாண்டு கழித்து, 1820இல், தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராகும்படி வேண்டினர். ஆடு மேய்ப்பவரின் மகனாகப் பிறந்து, கல்தச்சராக வாழ்வைத் தொடங்கி, பாலங்களாலும் கால்வாய்களாலும் சாலைகளாலும் புகழ் பெற்றவர் அவர். அவர் பெயரால் கழகம் வளர்ந்தது. 1828இல் அரச பட்டயமும் கிடைத்தது. டெல்ஃபோர்டு 1834இல் இறக்கும்வரை தலைவராகவே இருந்தார்.

அடுத்து வந்த ஜேம்ஸ் வாக்கர் 11 ஆண்டு அப்பதவியில் இருந்தார். 1845இல் சர் ஜான் ரென்னி தலைவரானார். அவருக்குப் பின் தலைமை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறிவரலாயிற்று. நிறுவனம் சிறு குழந்தையாக இருக்கும்போது ஒரு பெரியவரின் நிழல் தேவைப்படுகிறது. அது வளர்ந்த பின் அதே நிழலில் வேறு செடி முளைப்பதில்லை. தலைமை கைமாறுவதன் பயன் இதுவே.

1847இல் பர்மிங்ஹாமில் எந்திரப் பொறியாளர் கழகம் தோன்றி, புகைவண்டி புகழ் ஜார்ஜ் ஸ்டீவன்சன் அதன் முதல் தலைவரானார். சிவில் கழகம் அவரிடம் தகுதிக்குக் கட்டுரை எழுதித் தரச் சொன்னதாகவும், அவர் சினந்து தனிக் கழகம் கண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. எனினும் அக்கதை நெடுங்காலம் நிலைத்தது ஏன்? பட்டறையில் கற்றவரா, ஏட்டில் கற்றவரா, யார் தலைவர் என்ற பூசல் உண்மையாகவே இருந்ததுதான் காரணம் எனலாம்.

கம்பெனியின் குரலா, பொறியாளரின் குரலா?

1884இல் நியூயார்க்கில் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் நிறுவப்பட்டது. எடிசனும் கிரகாம் பெல்லும் அதன் துணைத் தலைவர்களுள் அடங்குவர். ஆனால் முதல் தலைவரோ மின்பொறியாளர் அல்லர். அவர் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியின் தலைவரான நார்வின் கிரீன், படித்தது மருத்துவம்! பணமும் செல்வாக்கும் உடைய தொழிலதிபர் வேண்டும் என்று அன்று எண்ணினர். பின்னர் பெல் 1891இலும், மாறுமின்னோட்டக் கணிதத்தை எளிமையாக்கிய சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1901இலும் தலைவராயினர்.

1963இல் இக்கழகமும் வானொலிப் பொறியாளர் கழகமும் இணைந்தன. ஐ.இ.இ.இ. என்ற நான்கெழுத்தால் உலகம் அறிந்த கழகம் உருவாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விண்வெளி, போர்த்தளவாடத் தொழில்கள் சுருங்கின. பொறியாளர்கள் வேலை இழந்தனர். கழகம் ஆய்வேடுகளை வெளியிடுவதோடு நிற்க வேண்டுமா, உறுப்பினரின் வாழ்வைப் பற்றியும் பேச வேண்டுமா என்ற வினா எழுந்தது. 1972இல் உறுப்பினர்கள் வாக்களித்துக் கழகத்தின் அமைப்பு விதியையே மாற்றினர். தொழில்சார்ந்த நலன்களிலும் கழகம் ஈடுபட வழி பிறந்தது.

அதே ஆண்டில் இன்னொன்று நிகழ்ந்தது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் எனும் புதிய இரயில் அமைப்பில், தானியங்கிக் கட்டுப்பாடு பாதுகாப்பாக இல்லை என்று எச்சரித்த பொறியாளர் மூவர் மார்ச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அக்டோபரில் ஒரு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பாதையின் முடிவைத் தாண்டி ஓடியது, சிலர் காயமுற்றனர். மூவரும் வழக்குத் தொடுத்தனர். 1975இல் ஐ.இ.இ.இ. நீதிமன்றத்தில் ஒரு மனு அளித்தது. பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் கடமை என்று அது வாதிட்டது. வழக்கு இறுதியில் சமரசமாக முடிந்தது. ஒரு சங்கத்தின் தலைமையில் யார் அமர்கிறார் என்பது வெறும் மாலை மரியாதைச் செய்தி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்தச் சூழலில்தான் இர்வின் ஃபீர்ஸ்ட் என்பவர் களத்தில் இறங்கினார். கழகத்தின் ஆட்சிக் குழு வழக்கமாகத் தானே வேட்பாளரை முன்மொழியும். உறுப்பினர்களிடம் கையொப்பம் பெற்று மனுச் செய்தும் ஒருவர் நிற்கலாம். ஃபீர்ஸ்ட் அவ்வழியில் பல முறை தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். கழகம் கம்பெனிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் சாதகமாக இருக்கிறது, சாதாரண பொறியாளரைக் கவனிப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வயது, ஓய்வூதியம், வேலை பற்றிய வினாக்களை யாராலும் ஒதுக்க முடியவில்லை.

மூவர் நின்றால் யார் வெல்வர்?

இனி நாம் சொன்ன கணிதப் புதிரைப் பார்ப்போம். 100 பேர் கொண்ட ஒரு சங்கத்தில் அரசன், பாரி, செழியன் என மூவர் நிற்பதாகக் கொள்வோம். அரசனுக்கு 34, பாரிக்கு 28, செழியனுக்கு 38 வாக்குகள். செழியன் வென்றார். ஆனால் மற்ற 62 பேரும் செழியனை விரும்பாதவர்களாக இருந்தால்? ஒத்த கருத்துடைய இருவர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால், பலர் விரும்பாதவர் தலைவராகிவிட்டார்.

இதற்கு ஒரு மாற்று, ஒப்புதல் வாக்கு முறை. ஸ்டீவன் பிராம்ஸ், பீட்டர் ஃபிஷ்பர்ன் ஆகிய அறிஞர்கள் 1970களின் இறுதியில் இதை விரிவாக ஆராய்ந்தனர். இதன்படி வாக்காளர் தமக்கு ஏற்புடைய எத்தனை பேருக்கும் குறியிடலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில், அரசனை ஆதரித்த 34 பேரில் 25 பேர் பாரியையும், பாரியை ஆதரித்த 28 பேரில் 20 பேர் அரசனையும் ஏற்கின்றனர் என்போம். அரசனுக்கு 34 + 20 = 54; பாரிக்கு 28 + 25 = 53; செழியனுக்கு 38 மட்டுமே. இப்போது அரசன் வெல்கிறார். வாக்காளர் எவரும் மனம் மாறவில்லை. எண்ணும் முறை மாறியது, தலைவரும் மாறினார்!

ஐ.இ.இ.இ. கழகம் 1988ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் இம்முறையைக் கையாண்டது. மனு வேட்பாளர் ஒருவர் வாக்குப் பிளவால் வென்றுவிடலாம் என்ற கவலை அதற்கு ஒரு காரணம். 2002இல் அதைக் கைவிட்டது. ஒருவருக்கு மேல் குறியிட்ட உறுப்பினர் மிகச் சிலரே. சீர்திருத்தம் ஏட்டில் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வாக்காளர் அதைப் பயன்படுத்தவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில்

இந்தியாவில் பொறியாளர்களுக்கு ஒரு பொதுக் கழகம் வேண்டும் என்ற எண்ணம், சர் தாமஸ் ஹாலந்து தலைமையிலான 1916-18ஆம் ஆண்டுகளின் தொழில் ஆணைக்குழுக் காலத்தில் உருப்பெற்றது. இந்தியப் பொறியாளர் கழகம் 1920 செப்டம்பர் 13ஆம் நாள் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. 1921 பிப்ரவரி 23ஆம் நாள் கல்கத்தாவில் செம்ஸ்ஃபோர்டு பிரபு அதைத் தொடங்கி வைத்தார். 1935இல் அரச பட்டயம் பெற்றது. வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதிப் பொறியாளராக உயர்ந்தோர் நம்மிடையே எத்தனையோ பேர்! அத்தேர்வை நடத்துவது இக்கழகமே. விசுவேசுவரய்யாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இக்கழகங்களின் கதவு பெண்களுக்கு மெல்லத்தான் திறந்தது. இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1899இல் ஹெர்த்தா அயர்ட்டனை முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. கிண்டி பொறியியற் கல்லூரியில் 1943இல் மின்பொறியியல் முடித்த ஏ. லலிதா, 1953இல் அதே இலண்டன் கழகத்தின் இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஆனார். உறுப்பினராவதிலிருந்து தலைவராவதற்கு இன்னும் நெடுந்தொலைவு. ஐ.இ.இ.இ. கழகத்துக்கு முதல் பெண் தலைவராக மார்த்தா ஸ்லோன் வந்தது 1993இல். டெல்ஃபோர்டு அமர்ந்த நாற்காலியில் ஒரு பெண், ஜீன் வெனபிள்ஸ், அமர்ந்தது 2008இல். அதாவது கழகம் பிறந்து 190 ஆண்டுக்குப் பின்!

நாடுகளின் எல்லையும் அவ்வாறே தளர்ந்து வருகிறது. 2020இல் ஜப்பானியரான தோஷியோ ஃபுகுடாவும், 2023இல் டாக்காவில் பிறந்த சைஃபுர் ரஹ்மானும் ஐ.இ.இ.இ. தலைவராயினர். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டதாரியான எஸ். கே. ரமேஷ். அத்தேர்தலில் மேரி எல்லன் ராண்டால் வென்றார்.

நமக்கு இதனால் என்ன?

கம்பியில்லா இணையத்துக்கான வை-ஃபை தர விதிகளை வகுத்தது ஐ.இ.இ.இ. கழகம். தாடிக்கொம்பில் ஒரு மாணவி கைப்பேசியில் பாடம் பார்க்கும்போது, அக்கழகத்தின் முடிவுகள் அவளையும் தொடுகின்றன. பாலம் உறுதியா, மின்கருவி பாதுகாப்பானதா, எச்சரித்த பொறியாளருக்குத் துணை உண்டா என்பவற்றில் இத்தகைய கழகங்களின் குரலுக்கு மதிப்பு உண்டு. அக்குரலை எழுப்புவோரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினரின் வாக்கு. ஆனால் பல கழகங்களில் பெரும்பாலோர் வாக்களிப்பதே இல்லை.

மாணவர்களே, உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இவ்வாண்டு தலைவரைத் தேர்ந்தெடுப்பீர்கள். வேட்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை மன்றத்துக்காக என்ன வேலை செய்தாய்? கணக்கை எப்போது காட்டுவாய்? பதவியை எப்போது அடுத்தவருக்குக் கொடுப்பாய்? ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் உத்திரமேரூர்ச் சுவரில் வெட்டப்பட்ட கேள்விகள்தாம் இவை. நான்காவதாக ஒன்றை நம் காலம் சேர்த்திருக்கிறது: இங்கு நிற்கவும் வாக்களிக்கவும் இடம் இல்லாதவர் யாரேனும் உண்டா? அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வேட்பாளர் மட்டும் அல்லர். மன்றத்தில் உள்ள எல்லோருமே.