பூட்டிய அலைவரிசைகளும் கேட்காமற்போன குரல்களும்

பொலிஸாரும் தீயணைப்புப் படையினரும் அம்புலன்ஸ் சேவையினரும் பயன்படுத்துகின்ற கம்பியில்லாத் தொடர்பு முறைமைகளிடம் இரண்டு காரியங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. கேட்கக்கூடாதவர்களுக்கு அவை கேட்கக்கூடாது. கேட்கவேண்டியவர்களுக்கு எந்த நெருக்கடியிலும் கேட்கவேண்டும். 'பாதுகாப்பான தொடர்பாடல்' என்று அதிகாரிகள் பேசும்போது பெரும்பாலும் முதலாவதையே மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால், மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோனது இரண்டாவது தவறிய இடங்களிலேயே என்பதை இந்தத் துறையின் வரலாற்றைப் படிக்கும் எவரும் காணலாம்.

ஆரம்பத்தில் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. பொலிஸ் வாகனங்களுக்கு வானொலி மூலம் தகவல் அனுப்பும் முயற்சியில் அமெரிக்காவில் முன்னின்றது டெட்ரொயிட் நகரம். 1920களில் அங்கு நடந்த பரிசோதனைகளின்போது ஒலிபரப்பு அனுமதியை வழங்கிய மத்திய அதிகாரிகள், பொலிஸ் நிலையத்தைச் சாதாரண வானொலி நிலையமாகவே கருதினார்கள். அதனால், திருடப்பட்ட கார்களின் இலக்கங்களுக்கு இடையில் பொலிஸார் இசையையும் ஒலிபரப்பவேண்டியிருந்தது. ஒரு திருடனைப் பிடிக்க வாகனம் அனுப்புவதற்கு முன்னர் வயலின் வாசிக்கவேண்டுமா என்று அன்றைய பொலிஸ் ஆணையாளர் வில்லியம் ரட்லெஜ் சினந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1928 ஏப்ரலில்தான் அங்கு ஒழுங்கான சேவை தொடங்கியது. அதுவும் ஒருவழிச் சேவையே. வாகனத்தில் இருந்தவர்கள் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டுமானால் வீதியோரத்தில் தொலைபேசியைத் தேடவேண்டும். 1933ஆம் ஆண்டு நியூஜேர்சியின் பேயோன் நகரில் இருவழித் தொடர்பு வந்தது.

அந்த ஒலிபரப்பை வீட்டு வானொலியில் எவரும் கேட்கக்கூடியதாக இருந்தது. 1930களில் விற்பனையான வானொலிப் பெட்டிகள் பலவற்றில் 'பொலிஸ்' என்று குறிக்கப்பட்ட அலைவரிசைப் பகுதியே இருந்தது. குடும்பத்தினர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பொலிஸாரின் உரையாடலை ஒரு நாடகத்தைப் போன்று கேட்டார்கள். திருடர்களும் கேட்டார்கள். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? 'வீஜி' என்ற பெயரில் புகழ்பெற்ற நியூயோர்க் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஆர்தர் ஃபெலிக், 1938இல் தனது காரில் பொலிஸ் அலைவரிசை வானொலியைப் பொருத்துவதற்கு அனுமதி பெற்றுவிட்டார். அதன் பின்னர் குற்றம் நடந்த இடத்துக்குச் சில வேளைகளில் பொலிஸாருக்கு முன்னரே அவர் போய்ச் சேர்ந்தார். நான் இரவுப்பணியில் இருந்த காலத்தில், எப்போதாவது மனமிரங்கித் தகவல் சொல்லும் பொலிஸ் நிலையத் தொலைபேசியே எமக்குக் கதியாக இருந்தது. வீஜியின் கதையைப் பொறாமையில்லாமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

இவ்வாறு எல்லோரும் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கவேண்டும் என்ற அக்கறை பொலிஸாருக்கு ஏற்பட்டதில் நியாயம் இருக்கிறது. உளவாளியின் பெயரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் முகவரியும் காற்றிலே போகக்கூடாது. தீயணைப்புப் படையினரின் பிரச்சினையோ வேறு. அவர்களுக்கு எதிரி ஒட்டுக்கேட்பவர் அல்ல. சுவரும் உருக்கும் கொங்கிறீற்றும் நிலமும்தான். கையில் கொண்டுபோகும் சிறிய வானொலியின் அலை உயர்ந்த கட்டிடத்தின் மாடிகளை ஊடுருவிச் செல்வதில்லை. சுரங்கத்துக்குள் அது சில மீற்றர்களிலேயே மடிந்துவிடும்.

நியூயோர்க் உலக வர்த்தக நிலையம் இதற்கு மிகவும் கொடிய உதாரணம். 1993 பெப்ரவரி 26ஆம் திகதி அதன் நிலவறையில் குண்டு வெடித்தபோது, 110 மாடிக் கோபுரங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் வானொலிகள் சரிவர வேலை செய்யவில்லை. அதன் பிறகு அந்த வளாகத்தின் 5ஆம் இலக்கக் கட்டிடத்தில் ஒரு மீள்பரப்பி பொருத்தப்பட்டது. பலவீனமான சமிக்ஞையைப் பெற்று, அதற்கு வலுவூட்டி மீண்டும் அனுப்பும் கருவி அது. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி காலை முதலாவது விமானம் மோதிச் சில நிமிடங்களில், 8.54 மணிக்கு, அந்தக் கருவி இயக்கப்பட்டது. ஆனால், அதை முழுமையாகப் பயன்படுத்துவதற்கு இரண்டு பொத்தான்களை அழுத்தவேண்டும். ஒன்று மாத்திரமே அழுத்தப்பட்டது. வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கட்டளைப் பீடத்தின் கைபேசியை இயங்கவைக்கும் இரண்டாவது பொத்தான் தொடப்படவில்லை. அந்தக் கைபேசியில் பேசிப் பார்த்த அதிகாரிகள் தமது குரல் போகவில்லை என்பதைக் கண்டு, மீள்பரப்பி பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்து அதைக் கைவிட்டார்கள்.

அது பழுதடையவில்லை. தெற்குக் கோபுரத்தில் ஏறிய அதிகாரி ஓரியோ பாமரும் அவருடன் சென்றவர்களும் அதே அலைவரிசையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விமானம் மோதிய பகுதியான 78ஆவது மாடி வரை அவர் சென்றடைந்தார். அங்கு காயமடைந்தவர்கள் இருப்பதையும், தீயை அணைக்க எத்தனை குழாய்கள் தேவை என்பதையும் எந்தப் பதற்றமும் இல்லாத குரலில் அவர் அறிவித்தது பின்னர் கண்டெடுக்கப்பட்ட ஒலிப்பதிவு நாடாவில் இருக்கிறது. 9.59க்கு அந்தக் கோபுரம் விழுந்தது.

வடக்குக் கோபுரம் 10.28க்கு விழுந்தது. இடையில் 29 நிமிடங்கள் இருந்தன. வானத்தில் வட்டமிட்ட பொலிஸ் ஹெலிகொப்டரின் விமானி, வடக்குக் கோபுரத்தின் மேல்மாடிகள் சிவந்து கனல்வதையும் அது விழப்போவது நிச்சயம் என்பதையும் தமது அலைவரிசையில் எச்சரித்தார். பொலிஸார் அதைக் கேட்டார்கள். தீயணைப்புப் படையினரின் அலைவரிசை வேறு. அவர்களுக்கு அது கேட்கவில்லை. வெளியேறுமாறு அவர்களின் சொந்த அதிகாரிகள் விடுத்த கட்டளை பலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் பலருக்குப் பக்கத்துக் கோபுரம் முழுவதுமாக விழுந்துவிட்டது என்பது தெரியாது. ஆகவே அவர்கள் அவசரப்படவில்லை. அன்று உயிரிழந்த தீயணைப்புப் படையினர் 343 பேர்.

வானொலியே அத்தனை மரணங்களுக்கும் காரணம் என்று சொல்வது நேர்மையாக இராது. விசாரணை ஆணைக்குழு வானொலிகளின் தொழில்நுட்பக் கோளாறை ஒரு பங்களிப்புக் காரணியாகவே கண்டது; பிரதான காரணியாக அல்ல. பொலிஸ் திணைக்களமும் தீயணைப்புத் திணைக்களமும் பல தசாப்தங்களாக ஒன்றுடன் ஒன்று பேசிப் பழகாதவை. பேச விரும்பாதவர்களுக்கிடையில் எந்தக் கருவியும் பேச்சை ஏற்படுத்தித் தராது என்பது எனது அபிப்பிராயம்.

இத்தகைய அனர்த்தங்களுக்குப் பிறகு எழுதப்படும் அறிக்கைகள் எவ்வளவு வேகமாக மறக்கப்படுகின்றன என்பதை லண்டனில் காணலாம். 1987 நவம்பரில் கிங்ஸ் குரொஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் பலியானார்கள். நிலத்துக்கடியில் அவசர சேவைகளின் வானொலிகள் இயங்கவேண்டும் என்று அடுத்த வருடம் வெளியான விசாரணை அறிக்கை வலியுறுத்தியது. 2005 ஜூலை 7ஆம் திகதி சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டபோதும், லண்டன் தீயணைப்புப் படையினரின் வானொலிகள் சுரங்கத்துக்குள் இயங்கவில்லை. கீழே என்ன நடக்கிறது என்பதை மேலே சொல்வதற்கு ஆட்கள் ஓடவேண்டியிருந்தது. லண்டன் மாநகர சபை உறுப்பினர்களின் 2006ஆம் ஆண்டு அறிக்கை இந்தக் காலதாமதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அமெரிக்காவிலும், எல்லா அவசர சேவைகளுக்கும் பொதுவான ஒரு வலையமைப்பை உருவாக்கும் சட்டம் 2012இல்தான் நிறைவேறியது. 7 பில்லியன் டொலர்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன.

இனி பூட்டுக்கு வருவோம். கேட்கவேண்டியவர்களை இவ்வாறு வெளியே நிறுத்திய முறைமைகள், கேட்கக்கூடாதவர்களையாவது வெளியே நிறுத்தினவா?

அமெரிக்கப் பொலிஸாரும் மத்திய புலனாய்வாளர்களும் 'பி25' என்ற டிஜிட்டல் வானொலித் தரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பேச்சை மறைகுறியாக மாற்றி அனுப்பும் வசதி அதில் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மட் பிளேஸ் தலைமையிலான ஆராய்ச்சியாளர்கள் சில பெருநகரங்களில் இரண்டு வருடங்கள் அந்த அலைகளைக் கேட்டு 2011இல் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். இரகசியமாகப் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு, புலனாய்வாளர்கள் திறந்தவெளியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்காணிக்கப்படுபவர்கள், தகவல் தருபவர்கள் பற்றிய விபரங்கள்கூட அதில் இருந்தன. ஒரு குழுவில் ஒருவரின் வானொலியில் மறைகுறி அணைந்திருந்தாலும் மற்றவர்களுக்கு அவரது குரல் வழக்கம்போலவே கேட்கும், எவரும் கவனிக்கமாட்டார்கள். சில வானொலிகளில் அந்த விசைக்கு இடப்பட்டிருந்த குறிகள் எது 'இயக்கம்', எது 'நிறுத்தம்' என்று விளங்காதவையாக இருந்தன. நியூயோர்க்கில் ஒரு பொத்தான், இங்கு ஒரு விசை. போதாக்குறைக்கு, சிறுமிகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு மலிவான கருவியை மாற்றியமைத்தே அந்த முறைமையைக் குழப்பமுடியும் என்றும் அவர்கள் காட்டினார்கள்.

ஐரோப்பாவில் 1990களில் உருவாகி, இன்று நூறுக்கும் அதிகமான நாடுகளில் இயங்குகின்ற 'டெட்ரா' தரத்தின் கதை எம்மைப் போன்ற நாடுகளில் உள்ளவர்கள் கவனிக்கவேண்டியது. அதன் மறைகுறி முறைகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன. வாங்குபவருக்குப் பூட்டு கிடைக்கும். அதன் உள்ளமைப்பைப் பார்க்க அனுமதி கிடையாது. 2023 ஜூலையில் நெதர்லாந்தின் 'மிட்நைற் புளூ' என்ற சிறிய ஆராய்ச்சி நிறுவனத்தினர், ஒரு வானொலியிலிருந்து அந்த முறைகளைப் பிரித்தெடுத்துத் தாம் கண்டதை அறிவித்தார்கள். 'டீஈஏ1' என்ற முறையில் 80 பிட் நீளமானதாகச் சொல்லப்பட்ட திறவுகோல் உள்ளே 32 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரண மடிக்கணினி ஒன்றுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

இது தற்செயலான பிழையன்று. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு அமைவாகவே அந்த முறை வகுக்கப்பட்டது. ஐரோப்பியப் பொலிஸாருக்கு வலுவான 'டீஈஏ2'. வெளியே விற்பதற்கு டீஈஏ1. மின்சாரம், ரயில் போன்ற சேவைகளும் பல நாடுகளின் பொலிஸாரும் அந்தப் பலவீனமான பூட்டை நம்பியிருந்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய நாடுகளுக்குப் பூட்டின் பலம் சொல்லப்படவில்லை. விற்றவர்களின் நாடுகளுக்கு அதைத் திறப்பதில் சிரமம் இருந்திருக்காது என்று நான் எண்ணினால் அது மிகையான சந்தேகமா? அந்த வருடத்தின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தரநிர்ணய நிறுவனம் தனது மறைகுறி முறைகளைப் பகிரங்கப்படுத்த இணங்கியது. அம்பலமான பிறகு வந்த வெளிப்படைத்தன்மை.

இதற்கிடையில் அமெரிக்க நகரங்களின் பொலிஸார் தமது அன்றாட அலைவரிசைகளையும் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். வீஜியின் காலத்திலிருந்து பத்திரிகையாளர்கள் கேட்டுவந்த நியூயோர்க் பொலிஸ் வானொலி 2023இலிருந்து படிப்படியாக மறைகுறிக்கு மாறியது. சிக்காகோ 2022இல் வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. அங்கு பொதுமக்களும் ஊடகங்களும் பொலிஸாரின் உரையாடலைக் கேட்கலாம். ஆனால், அரைமணி நேரம் கழித்து. வீதியில் துப்பாக்கிச்சூடு நடக்கும்போது தம்மைச் சூழவுள்ள மக்களை எச்சரிப்பதற்கு அந்தத் தாமதம் இடந்தராது என்று அங்குள்ள செய்தி நிறுவனங்கள் ஆட்சேபித்தன. பொலிஸாரின் பாதுகாப்பே முக்கியம் என்பது நகர நிர்வாகத்தின் பதில். எந்த அலைவரிசையைப் பூட்டுவது, எதைத் திறந்துவிடுவது என்பதைப் பூட்டுபவர்களே தனித்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் அந்த விவாதத்தில் எனக்குப் பட்ட குறை.